கடையைப் பூட்டிவிட்டு வந்த கேள்விக்காரி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு எஞ்சின் ஓடுவதை வாசலில் நின்று கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒற்றை ஸ்பானரோடு தொடங்கிய என் பட்டறை இன்று மூன்று கதவு அகலம். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? இருந்தாலும் இது என் கதை அல்ல. பட்டறைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் கதை.

தையல்காரரின் மகள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே மருந்தாளுநர் படிப்பு முடித்தவர். பதினாறு வருடம் மருத்துவமனையில் வேலை, பிறகு சொந்தக் கடை. என்னைப் போலவே யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவர். அதனால்தானோ என்னவோ, எங்களுக்குள் ஒத்தே வராது.

தெரு அவருக்கு வைத்த பெயர் கேள்விக்காரி. தலைவலி மாத்திரை கேட்டாலும், "யாருக்கு? வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க? எத்தனை நாளா?" என்பார். "போலீஸ்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்று வரிசையில் நிற்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது, பிரஷரும் அதிகம் என்றார் டாக்டர். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் அந்த அம்மாவிடம்தான் வாங்குவேன்.

ஒருநாள் என் மச்சானுக்கும் பிரஷர் என்று தெரிந்தது. நேரே கடைக்குப் போய், "எனக்குப் போடுறதே அவனுக்கும் ஒரு அட்டை குடும்மா" என்றேன்.

"அவருக்கு இழுப்பு உண்டுல்ல அண்ணே? இது மூச்சுக்குழலை இறுக்கிடும். டாக்டர் பார்த்து எழுதாம தர மாட்டேன்."

நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கா? அன்றோடு அந்தக் கடைப்படி ஏறுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரமே கையிருப்பும் தீர்ந்தது. அதற்கு முன் நானே நாடி பிடித்து எண்ணிப் பார்த்திருந்தேன். நிமிடத்துக்கு ஐம்பத்து நாலு. எஞ்சினாக இருந்தால் ஐட்லிங், அதாவது சும்மா நிற்கும்போது ஓடும் வேகம், கம்மி; இன்னும் கொஞ்சம் விட்டால் நின்றுவிடும். இந்த மாத்திரைதான் இழுத்துப் பிடிக்கிறது, எடுத்துவிட்டால் ஓட்டம் சரியாகும் என்று கணக்குப் போட்டேன். நாற்பது வருட அனுபவம் போட்ட கணக்கு.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"என் எஞ்சின் எனக்குத் தெரியாதாடி?"

இரண்டு நாள் உடம்பு காற்றாய் இருந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நாலாம் நாள் படபடப்பு. ஆறாம் நாள் காலை, பட்டறையில் குனிந்து நிமிர்ந்தபோது நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல இருந்தது. வேர்த்துக் கொட்ட, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்க்கடையிலிருந்து அந்த அம்மா பார்த்திருக்கிறார். வரிசையில் ஆட்கள் நிற்க நிற்க ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, மாத்திரை வேற எங்கயாவது வாங்குறீங்களா? நீங்க வர்ற நாள் தாண்டி ஆறு நாளாச்சே."

"நிறுத்திட்டேன். இது வெறும் வாயுதாம்மா. ஒரு சோடா குடிச்சா போயிடும்."

"வாயுவா இல்லையான்னு ஆஸ்பத்திரியில சொல்லட்டும். எழுந்திரிக்காதீங்க!"

எனக்கு பயம் வந்துவிட்டது. "அப்ப விட்டதுக்கும் சேர்த்து ரெண்டு மூணா குடு, இப்பவே முழுங்கிடுறேன்."

"சேர்த்துப் போட்டா அது தனி ஆபத்து. வாயை மூடிட்டு உக்காருங்க."

என்னை அப்படி அதட்டிய முதல் ஆள் அவர்தான். ஆம்புலன்ஸை அழைத்தார், என் மனைவிக்கும் போன் போட்டார், வண்டியில் கூடவே ஏறிக்கொண்டார். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, நான் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவமனையில் மடமடவென்று ஒப்பித்தார். நான் நெஞ்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதயத் தசை கெடுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் சொன்னார்: "நாடி குறைஞ்சாலோ தலை சுத்தினாலோ என்கிட்ட வரணும். நான் அளவைக் குறைப்பேன். நிறுத்தணும்னாலும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். திடீர்னு விட்டா இதயம் மிரண்டு ஓடும். நீங்க நிறுத்தின தேதியை அந்தம்மா சரியா சொன்னதால எங்களுக்கு உடனே பிடிபட்டுச்சு." சொன்னபடியே அளவைக் குறைத்து எழுதினார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முன்பே எழுதியிருப்பார்.

வீடு திரும்பியதும் கடைக்குப் போனேன். என் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்பு கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு அண்ணே? அன்னைக்கு வெயில்ல காத்துக்கிடந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, என் மடத்தனத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் நின்ற தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை மாத்திரைக்கு லீவு விடுறது தப்பா?" என்றார் மெதுவாக.

"முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டார் அந்த அம்மா. எவருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத நான், ஒதுங்கி அவருக்கு இடம் விட்டேன்.