யப்பானில் பிறந்த மான்கள்

மூன்றாம் வகுப்பில் படித்த என் மகளுக்குச் சொந்தமாக ஒரு வசனம் எழுத வராது என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் கவலை. கணக்கில் குறையில்லை. கட்டுரை என்றால் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவளுடைய தம்பிக்கு அப்போது ஏழு மாதம். அவனுக்குப் பால் கொடுத்தபடி நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். சொல்லிக் கொடுப்பது பிழையோ என்று நினைப்பேன். சொல்லாமல் விட்டால் வெறுங்கொப்பியோடு போய் நிற்பாளே என்றும் நினைப்பேன்.

துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் கணவர், "சோதனைக்கு நீர் போறீரோ, பிள்ளை போறாளோ?" என்று கேட்பார்.

தவணைச் சோதனையில், ஏதாவது ஒன்று தன் கதையைத் தானே சொல்வதாக ஒரு கட்டுரை கட்டாயம் வரும். நான் படித்த காலத்தில் எழுதியது 'நான் ஒரு குடை'. அதை எனக்குச் சொல்லித் தந்தது அக்கா. அக்காவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் யப்பான் தேசத்தில் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன். ஒரு கனவான் என்னை வாங்கினார். மழையிலும் வெயிலிலும் அவருக்காக உழைத்தேன். இன்று ஒரு மூலையில் கிடக்கிறேன். இதை அப்படியே எழுதிக் கொடுக்க, மகள் பாடமாக்கிவிட்டாள். மூதூரிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த, நான் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா, அதே வகுப்பில் படித்த தன் மகளுக்கும் ஒரு பிரதி கேட்டார். பெருமையோடு கொடுத்தேன்.

சோதனையில் வந்தது 'நான் ஒரு மான்'.

தெருவெல்லாம் மான்கள் திரியும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுகமான தலைப்புக் கிடையாது. தபாற்கந்தோர் வாசலில் மான் நின்று கடதாசி தின்பதைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இருந்தும் ரீச்சர் என்னை வரச்சொல்லி அனுப்பினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் பின்னால் வந்தாள்.

"இந்த வகுப்பிலை ரெண்டு மான் யப்பானிலை பிறந்திருக்கு," என்றார் ரீச்சர். "ரெண்டையும் ஒரே கனவான்தான் வாங்கியிருக்கிறார். நீங்கள் எழுதிக் குடுத்ததோ?"

ஓம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. தானும் சின்ன வயதில் குடையாக இருந்தவர்தானாம், ஆனால் சீனாவில் பிறந்த குடையாம். அதற்காகக் குடைக்கு இனியும் புள்ளி போட ஏலாது என்று சொல்லிவிட்டு, மகளின் விடைத்தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்து வாசிக்கத் தந்தார்.

'பிறகு வீட்டில் ஒரு குட்டி பிறந்தது. அம்மா மான் நாள் முழுக்க அதைத்தான் நக்கும். நான் பக்கத்தில் போய் நிற்பேன். நான் பெரிய மான்தானே.'

அதற்குக் கீழே பழையபடி குடை வந்துவிட்டது. இன்று ஒரு மூலையில் கிடக்கிறேன். எத்தனை தரம் எழுதிய வசனம். அன்றைக்குத்தான் அதை வாசித்தேன்.

"இது ஆர் சொல்லிக் குடுத்தது?"

"இது நான் குடுக்கேல்லை, ரீச்சர்."

"அப்ப இதுக்குப் புள்ளி போடலாம்," என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது இதைப் பற்றிக் கதைப்பதா விடுவதா என்று தெரியவில்லை. கதைத்தால் இனி இப்படி எழுதமாட்டாளோ? கதைக்காவிட்டால், அம்மா வாசித்தும் பேசாமல் இருந்தாள் என்று நினைப்பாளோ? யோசித்து முடிக்குமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

பின்னேரம் கணவர் வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுத் தலைவாரினேன். தம்பி பிறந்ததிலிருந்து அவள் தானே பின்னப் பழகியிருந்தாள். அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். முதலில் விறைப்பாக இருந்தவள் மெல்ல என் முழங்காலில் சாய்ந்தாள்.

"தம்பி அழுறான்," என்றாள்.

"அப்பா பார்ப்பார்."

பின்னல் முடிகிற நேரம், ரீச்சர் அடுத்த கிழமைக்கு 'நான் ஒரு கதிரை' எழுதி வரச் சொன்னதாகச் சொன்னாள். அடர்ந்த காட்டில் ஒரு முதிரை மரமாகப் பிறந்தேன் என்று என் வாய் தானாகத் திறந்தது.

"சொல்லாதேங்கோ அம்மா. நான் யோசிச்சு வச்சிருக்கிறன்."

வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கதிரையில் யார் உட்காரப்போகிறார்களோ, யார் இடமில்லாமல் பக்கத்தில் நிற்கப்போகிறார்களோ என்ற பயம்தான் விடவில்லை. பின்னியதைக் குலைத்து, இன்னும் ஒருதரம் முதலிலிருந்து பின்னத் தொடங்கினேன்.