பூஜையில் இருந்த டெஸ்ட் கார்டு

நெய்யாற்றின்கரையில் இன்று யாருடைய கம்ப்யூட்டர் செத்தாலும் என் கடைக்குத்தான் தூக்கி வருகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்பட்டாலும் தப்பில்லை. இந்தத் தொழிலில் என் புத்தி முதலில் வேலை செய்தது தொண்ணூறுகளில், பாறசாலை வீட்டில், சரஸ்வதி பூஜை நவமி நாளில்.

அம்மாவின் தம்பியான மாமா திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் போர்டு பழுதுபார்க்கப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே சொத்து ஒரு டெஸ்ட் கார்டு. செத்த மதர்போர்டில் அதைச் செருகிக் கரண்டு கொடுத்தால், எந்த இடத்தில் மூச்சு நின்றது என்று சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு எழுத்தாகக் காட்டும்.

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி ஒருவர் அன்று ஒரு போர்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். மறுநாள் விஜயதசமி, விடிந்ததும் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க மிஷின் ஓட வேண்டும். ஓடினால் மாமாவுக்கு வேலை. இல்லையென்றால் வேறு ஆள்.

மாமா போர்டோடு வந்து தேடினால் கார்டைக் காணோம். முந்தின நாளே அம்மா அதைப் பூஜைக்கு வைத்துவிட்டாள். என் பாடப் புத்தகங்கள், அப்பாவின் கொத்துக் கரண்டி, அவற்றுக்கு இடையில் நிமிர்த்திச் செருகி, சந்தனப் பொட்டோடு மாமாவின் கார்டு.

"அக்கா, அது இல்லேன்னா எனக்குக் கை ஓடாது."

"பூஜைக்கு வச்சத நாளைக்குக் காலத்த வரைக்கும் இடத்த விட்டு அனக்கப்பிடாது. சரஸ்வதிக்க முன்னாலயாக்கும் இருக்கு."

மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "கார்டை வெளிய எடுத்தாத்தானே குத்தம்? போர்டை உள்ள கொண்டு போனா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "எனக்குத் துணி அலக்க உண்டு" என்று அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

கார்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மாமா போர்டைக் கவிழ்த்துப் பிடித்து, கார்டு அதன் துளையில் புகும்படி மெல்ல இறக்கினார். பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்துக் கரண்டு கொடுத்தோம். எழுத்தை மறைத்த பொட்டைத் துடைக்கப் பயந்து, தரையில் கன்னம் பதித்து ஓரமாகப் படித்தார்.

"சி ஒண்ணு! மெமரியாக்கும் மக்கா, ரப்பர் எடு!"

என் ரப்பரும் பூஜையில் இருந்தது. பூஜை வைக்காத, சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுக்கு ஓடி ஒன்று வாங்கி வந்தேன். மாமா கரண்டை நிறுத்தி மெமரியைப் பிடுங்கி அதன் பல்வரிசையைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். மறுபடி கரண்டு கொடுத்ததும் எழுத்துகள் மளமளவென்று ஓடின. பிறகு ஒரே ஒரு 'பீப்', போர்டுக்கு உயிர் வந்த சத்தம்.

மாமா விட்ட பெருமூச்சில் குத்துவிளக்குச் சுடர் ஆடியது.

"எலே, பல்லி சிலச்சுதா?" கிணற்றடியிலிருந்து அம்மா கேட்டாள்.

"பல்லி இல்லம்மா, கம்ப்யூட்டர்!"

"பல்லியாக்கும். நல்ல சகுனம்" என்றாள் அழுத்தமாக. மாமா என் வாயைப் பொத்தினார்.

பல்லிச் சத்தம்கூடத் தெரியாத அம்மாவை நினைத்து அன்றெல்லாம் சிரித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு மட்டுந்தான் புத்தி என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.