கரண்ட் வந்த உடனே போடாதீங்க

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு ஆள்காட்டி விரலை உயர்த்திவிட்டார் என்றால், வீடே மூச்சுவிடக் கூடாது. குக்கர் விசிலடித்தால் குக்கரையே முறைப்பார். "உள்ள பேசுது, சும்மா இருங்க" என்பார். ஊராரின் வாயை இப்படி அடைக்கும் எங்கள் மாடிவீட்டு மெக்கானிக் அண்ணன், தன் வாயை மட்டும் மூடியதே கிடையாது.

வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் ஒரு பிரசங்கம் நிச்சயம். கரண்ட் போய் வந்தால் உடனே ஸ்விட்சைப் போடக் கூடாது, உள்ளே அழுத்தம் தணிய நேரம் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கம்ப்ரசர் காலி. ஒருமுறை அவருக்கு முன்னால் நானே முழுதையும் ஒப்பித்துவிட்டேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார், மனுஷன்!

அவருக்குத்தான் போன மாதம், கம்ப்ரசரைத் தோளில் வைத்துப் படியேறும்போது நெஞ்சடைத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ரத்தம் ஓடவிட்டார்கள். ஆனால் இதயச் சுவரில் ஒரு பக்கம் அசையவில்லை. தசை சாகவில்லை, ரத்தமில்லாமல் கிடந்த அதிர்ச்சியில் திகைத்து நிற்கிறது, சில வாரங்களில் தானே விழித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. விழிக்காவிட்டால் இனி கனம் தூக்கவே கூடாது. கனம் தூக்காமல் அவருக்கு ஏது தொழில்?

அண்ணனுக்குப் பொறுக்குமா? "லைன்தான் க்ளியர் ஆயிடுச்சுல்ல, அப்புறம் ஏன் ஓடல?" என்று ஆஸ்பத்திரியையே சந்தேகப்பட்டார். வீடு திரும்பிய வாரமே, அண்ணி குளிக்கப்போன நேரம் பார்த்து ஒரு பழைய கம்ப்ரசரைத் தூக்கியிருக்கிறார். இதயத்தைச் சோதித்தாராம்! அது விழுந்த சத்தத்தில் நான் மாடிக்கு ஓடினேன். முகம் வெளுத்து, வியர்த்து, தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தலையோடு நின்ற அண்ணி கத்தவில்லை.

"ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜுக்கெல்லாம் பொறுமை சொன்னீங்களே, உங்களோடதுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

கேட்டுவிட்டு அழுதார்.  

அதன்பிறகு அண்ணன் பெட்டிப்பாம்பாக அடங்கினார். ஸ்பானர்களைத் துடைப்பார், அடுக்குவார், மறுபடி துடைப்பார். யாராவது கூப்பிட்டால் போனை ஃபிரிட்ஜோரம் வைக்கச் சொல்லி, இங்கிருந்தே காது கொடுப்பார்.

நேற்று மறுபடி இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். அசையாமல் கிடந்த சுவர் அசைகிறது. இன்னும் கொஞ்சம் சோம்பல்தான், போகப்போகத் தேறிவிடும் என்றாராம் டாக்டரம்மா. திரும்பி வந்த அண்ணன் வாசற்படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். எக்கோ மெஷினில் ஃபேன் சத்தம் சரியில்லையாம், டாக்டரம்மாவிடம் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். பேச்சு நிற்பதாக இல்லை.

அண்ணி பையைக் கீழே வைத்தார். நான் நிற்பதைக்கூடப் பார்க்காமல், அவர் சட்டைமேல் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினார்.