வாயில் ஊறிய ரீடு

எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம். நான் டெல்லிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரசுக் கலைக்குழு ஒன்றில் கிளாரினெட் வாசிக்கும் வேலை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு ஓர் அறை. என் ஹிந்தியைக் கேட்டு கண்டக்டர் முதல் காய்கறிக்காரர் வரை சிரித்தார்கள். எனக்கோ ரோஷம் ஜாஸ்தி. வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

அதற்கு வசதியாக ஒரு சாக்கும் கிடைத்தது. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் மெல்லிய நாணல் சீவல் ஒன்றை வைத்துக் கட்டுவோம். ரீடு என்று பெயர். பெட்டிக்குப் பத்து இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நார் நேராக ஓடுகிறதா, நுனி இரண்டு பக்கமும் ஒரே கனமா என்று பொறுக்கினால் மூன்றோ நாலோ தேறும். தேறியதையும் எடுத்த எடுப்பில் ஊதித் தள்ளக் கூடாது. எச்சிலில் ஊறவைத்து முதல் நாள் பத்து நிமிஷம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று மெதுவாகப் பழக்க வேண்டும். டெல்லியின் வறண்ட குளிரில் நுனி அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்பதால், பஸ் ஸ்டாப்புக்கு வந்ததுமே ஒரு ரீடை வாயில் வைத்துக்கொள்வேன். மேலே மஃப்ளர் சுற்றியிருப்பதால் வெளியே தெரியாது. உண்மையில் நாலு நிமிஷம் ஊறினால் போதும். நான் முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். ரீடு கெட்டால் கெடட்டும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா!

ஒரு நாள் காலை, என் கையில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஒருவர் கிட்டே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

“சார் தமிழா?”

தலையாட்டினேன்.

“ஊரு எது சார்?”

வாயைக் காட்டிக் கையை அசைத்தேன். ரீடு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்ற அர்த்தத்தில்தான். அவர் முகம் வாடிவிட்டது. “அடடா, பேச வராதா? மன்னிச்சிக்குங்க சார்” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாளே சொல்லியிருக்கலாம். அப்படியானால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற கூச்சம். நாளாக நாளாக அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பதில் சொல்லும் வேலை இல்லாமல் தினமும் கால் மணி நேரம் காதில் தமிழ் விழுந்தது. அவர் திண்டிவனம் பக்கத்துக்காரர், ஏதோ ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையல் வேலை என்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான். சில நாள் காகிதத்தில் சுற்றி வடை கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடுவேன்.

மூன்றாவது வாரம் அவர் சொன்னார்: “எம் பொண்ணுக்கும் இப்பிடித்தான் சார். ஏழு வயசு ஆவுது, ஒரு வார்த்த வராது. எனக்கப்பறம் என்னா பண்ணுவாளோன்னு தூக்கமே இல்லாம இருந்தேன். உங்களப் பாத்தப்பறம்தான் தெம்பு வந்துச்சு. வூட்டுக்கு லெட்டர் போட்டுட்டேன். இங்க ஒருத்தரு இருக்காரு, பேச வராது, ஆனா கவர்மென்ட் வேல பாக்குறாரு, டெல்லியில தனியா பஸ்ல போறாருன்னு. கூட்டியாறேன் சார். அவ உங்கள ஒரு தடவ பாத்தா போதும்.”

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்கு ரீடைத் தள்ளவும் செய்தது. அதற்குள் பஸ் வந்து நின்றது. அவர் என்னை முதலில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் ஹிந்தியில், “அண்ணே, இவருக்குப் பேச வராது, பார்த்துக்கோங்க” என்றார்.

அடுத்த நாளிலிருந்து ஒரு மைல் நடந்து, முந்தின ஸ்டாப்பில் அரை மணி முன்னதாக வரும் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் தாமதமாகி, பழைய நேரத்து பஸ்ஸில் ஏற வேண்டிவந்தது. அது அந்தப் பழைய ஸ்டாப்பில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி. சிவப்பு ஸ்வெட்டரும் ரெட்டைப் பின்னலுமாக ஒரு சிறுமி அவர் விரலைப் பிடித்திருந்தாள். ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அவர் ஜன்னல்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான் மஃப்ளரை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

அன்று ஒரு சுரம்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை. மறுநாள் மஃப்ளரும் இல்லை, ரீடும் இல்லை. பழைய ஸ்டாப்பில் போய் நின்று, “எனக்குப் பேச வரும், மன்னிச்சிடுங்க” என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நாள் நின்றேன். அவர்கள் வரவில்லை. எந்த ஆபீஸ் கேன்டீன் என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்!

பிறகு ஹிந்தி வந்தது, சிநேகிதர்கள் வந்தார்கள். இப்போதெல்லாம் ரீடை வாயில் வைத்தால் கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால், பேச வராமலும் வேலை பார்க்கிற நிஜமான ஒருவரை இத்தனை பெரிய டெல்லியில் அந்த அப்பாவோடு சேர்ந்து தேடியாவது பார்த்திருக்கலாமே என்று நினைக்கும்போது, சிவப்பு ஸ்வெட்டரோடு மனசில் வந்து நிற்கும் அந்தக் குழந்தையிடம் இன்றும் எனக்குப் பேச வாய் வருவதில்லை.