புதைத்த தண்ணீர்ப் பம்ப்

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் வன்னியில், கண்டாவளையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தேன். நாங்கள் வெடி எடுத்து முடித்த வீட்டு வளவுக்குச் சொந்தக்கார அக்கா, இடம்பெயரும்போது ஆழமாகப் புதைத்த தண்ணீர்ப் பம்பைத் தேடித்தரச் சொன்னார். அது இல்லாமல் மிளகாய்க்கு நீரிறைக்க வழியில்லை. அடையாளத்துக்கு நின்ற பனையும் பீரங்கிச் செல்லடியில் போயிருந்தது.

உலோகம் தேடும் கருவியின் உணர்திறனைக் குறைத்தால் ஆழத்தில் எதுவும் கேட்கவில்லை. கூட்டினால் வளவு முழுவதும் கத்தியது. மண்ணில் பாதி செல் துண்டு. இதில் எந்தக் கருவி என்ன கிழிக்கும்?

“தம்பி, இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ.”

“இனிக் கூட்டினா உங்கட கிணத்து வாளியும் கத்தும், அக்கா.”

அவர் சிரிக்கவில்லை. கத்திய இடமெல்லாம் மண்வெட்டியால் கொத்தினார். பொழுதுபடும்போது ஒரு ஓலைக் கடகம் நிறையத் துருப்பிடித்த துண்டுகள்தான் சேர்ந்திருந்தன. அந்த வருடம் அவர் மிளகாய் நடவில்லை.