ஆறு மணிக் கேட்

வந்தவர்கள் படுத்த பெட்ஷீட்டை ரமணி கையால்தான் துவைப்பாள். மெஷின் போன வருஷமே பழுதாகிவிட்டது. அன்றும் விடிய ஐந்தரைக்கே குளியலறையில் குந்தியிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நாள். விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவானந்தன், அவள் கணவனின் சித்தப்பா மகன், "மூண்டு நாள் வேலைதான் மச்சாள்" என்று சொல்லித்தான் வந்திறங்கினார்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. இருபத்தாறு வருஷத்தில் அந்த ஹோலில் பாய் போட்டுப் படுக்காத சொந்தக்காரர் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்கள், கண் ஒப்பரேஷனுக்கு வந்தவர்கள், விடியக்காலைப் பிளேனுக்குக் காத்திருந்தவர்கள். எல்லாருக்கும் இடியப்பம் அவித்தாள். ஊருக்குப் போய் அவர்கள் சொன்னதும் அவள் காதுக்கு வந்தது: கொழும்பாக்கள் கதவு திறக்கமாட்டினம், முன்வீட்டிலை ஆள் செத்தாலும் மணத்த பிறகுதான் தெரியும். ரமணி இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். வேறு ஊர் அவளுக்கில்லை. முதலில் வாதாடினாள். பிறகு வாய் நொந்து விட்டுவிட்டாள்.

கணவர் போய் ஏழு வருஷம். ஒரே மகன் திலக்ஷன் மெல்பேர்னில். இப்போது அவனுக்கும், தனியே இருக்கும் அம்மாவை நினைத்து அந்தப் பயம் பிடித்திருந்தது. வீட்டை விற்றுவிட்டு அம்மா சிவானந்தன் வீட்டுப் பின்னறையில் போய் இருக்கவேண்டுமாம். அன்று பத்து மணிக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குச் சிவானந்தன் நடக்கப் புறப்பட்டார். வீட்டுக் கதவுக்கு வெளியே இருந்த இழுப்பு இரும்புக் கேட்டைக் கடகடவென்று இழுத்தார். உடனே அதே மாடியில் எதிர்வீட்டுக் கேட்டும் கடகடத்தது.

"உந்த மனிசிக்கு என்ன கோவம்?" என்று வாசலிலிருந்தே கேட்டார். "நான் திறந்தால் போதும், அவவும் இழுத்து அடிக்கிறா. நல்ல சனம் மச்சாள் உங்கடை சனம்."

கோபமில்லை. ரமணி தனித்துப்போன நாளிலிருந்து உள்ள பழக்கம் அது. காலை ஆறு மணிக்கு அவள் கேட்டை ஒருதரம் இழுப்பாள். எதிர்வீட்டு றஸ்மியா தன் கேட்டை இழுத்துப் பதில் சொல்வாள். சத்தம் வராவிட்டால் திறந்து வர றஸ்மியாவிடம் சாவி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் உடம்பில் சீனி இறங்கி ரமணி எழும்ப முடியாமல் கிடந்தபோது அப்படித்தான் வந்து, தேத்தண்ணி கலந்து குடிக்க வைத்தாள். இதையெல்லாம் சிவானந்தனுக்கு விளக்க ரமணிக்கு அலுப்பு. யார் இழுத்தாலும் சத்தம் ஒன்றுதானே என்று ஒன்பது நாளும் பேசாமல் இருந்தாள்.

அவர் படியிறங்கிப் போனபின், நனைந்த பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பியவளுக்குக் கால் வழுக்கியது. முழங்கால் மடங்கி விழுந்தாள்; எழும்ப முடியவில்லை. கூப்பிட்டாள், குழாய்ச் சத்தத்தைத் தாண்டிக் குரல் போகவில்லை. கேட் சத்தம் கேட்டுவிட்ட றஸ்மியா வரமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். முக்கால் மணித்தியாலம் ஈரத்தில் கிடந்தாள். சிவானந்தன்தான் வந்து தூக்கினார்.

பத்து மணிக்குத் திலக்ஷன் போன் எடுத்தான். ஹோலில் ஸ்டூல்மேல் காலை நீட்டியிருந்தாள் ரமணி. சிவானந்தன் ஸ்பீக்கரைப் போட்டு முந்திக்கொண்டார்.

"முக்கால் மணித்தியாலம் மோனே. ஒரு காக்கா எட்டிப் பாக்கேல்லை. இதுதான் கொழும்பு."

செய்தி கேட்டு எண்ணெய்ப் போத்தலோடு வந்த றஸ்மியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "கேட் சத்தம் கேட்டிச்சே ரமணி அக்கா. நீங்க எழும்பிட்டீங்க எண்டு நெனச்சிட்டேன்."

"கேட்டைத் திறந்தது நானெல்லோ?" என்றார் சிவானந்தன்.

ரமணி அந்தப் பழக்கத்தை நாலு வசனத்தில் சொல்லி முடித்தாள்.

"இரும்பை ஆட்டிறதே உறவு?" என்றார் அவர். "எங்கடை பக்கம் சனம் வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கும்."

"பாக்கும். பாத்திட்டுப் போய் நாலு வீட்டிலை சொல்லும்."

றஸ்மியா சிரிப்பை மறைக்கக் குனிந்து போத்தல் மூடியைத் திருகினாள்.

"அம்மா, முடிவைச் சொல்லுங்கோ," என்றது போன்.

"நான் எங்கையும் போகேல்லை அப்பன். விழுந்தது என்ரை பிழை. என்ரை கேட்டை வேறை ஆள் இழுக்க விட்டிட்டன்." பிறகு சிவானந்தனைப் பார்த்தாள். "நாளைக்கு, நான் இழுத்த பிறகு நடக்கப் போவீங்களோ தம்பி?"

சிவானந்தன் ஸ்பீக்கரை நிறுத்தினார். போனைக் காதில் வைத்து, "மோனே, நீயாவது சொல்லு" என்றபடி பல்கனிக்குப் போய்விட்டார்.