நின்றால் கொதிக்கும் காடி

கிளாஸில் தேநீர் பாதி இருக்கும்போதே பரஞ்சோதி எழுந்துவிடுவார். மலேசியாவின் பாடாங் செராயில் அவர் வைத்திருக்கும் பூஜைச் சாமான் கடையிலும் இதே கதைதான். கற்பூரம் கேட்டு வந்தவர் பையைத் திறப்பதற்குள் ஊதுவத்தியையும் சேர்த்துக் கட்டிக் கையில் கொடுத்திருப்பார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. அதில் குங்குமப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

அவருடைய எழுபத்தாறாம் வருடத்துப் பச்சைக் காருக்கு, வீட்டார் பேச்சில் காடிக்கு, மூன்று வாரமாக ஒரு நோய். ஓடும்போது சமர்த்து. சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சூட்டு முள் மளமளவென்று ஏறிவிடும். அதனால் விளக்கே இல்லாத செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

மகள் சுபாஷினி தன் கல்யாணத்துக்கு என்று அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் காரில் அப்பா தன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கோயில் கூலிம் ஊரில் இருக்கிறது. நாதஸ்வரக்காரர்கள் முன்னால் நடக்க, கடைசி அரைக் கிலோமீட்டர் கார் ஊர்ந்துதான் போயாக வேண்டும்.

ரேடியேட்டர் விசிறியின் மோட்டார் எரிந்துபோய், அவரே புதிது வாங்கி மாட்டியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றினார். சூடேறியதும் விசிறியை முடுக்கும் சுவிட்சை மாற்றினார், ரேடியேட்டர் மூடியையும் விடவில்லை. விசிறி ஒவ்வொரு முறையும் சுற்றத்தான் செய்தது. கார் ஒவ்வொரு முறையும் கொதித்தது.

பட்டறைக்காரர் காளிதாசன், "எஞ்சின் சூடாவட்டும்ணே, பத்து நிமிசம் உக்காந்து பாப்போம். சபார் லா, கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார். மூன்றாவது நிமிடம் பரஞ்சோதி காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "அவனுக்குத் தொழிலே தெரியல" என்று வழியெல்லாம் ஏசினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் மனைவி ஷீலா கெடு வைத்தாள். "மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா என் தம்பி காடிதான். பொண்ண வச்சிக்கிட்டு நடுரோட்டுல புகை விடப்போறீங்களா?"

அவர் திருப்புளியோடு ரேடியேட்டர் குழாய்மேல் பாய்ந்தபோது சுபாஷினி வெளியே வந்தாள். இரண்டு கைகளிலும் ஈர மருதாணி. கைகளை ஏந்தினாற்போல் பிடித்திருந்தாள். தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிப்பவள் அவள்.

"எதையும் கழட்டாதீங்கப்பா. ஸ்டார்ட் பண்ணிட்டு சும்மா நில்லுங்க."

"விசிறிதான் சுத்துதேம்மா!"

"சுத்துது. காத்து எந்தப் பக்கம் போவுது?"

பரஞ்சோதி காரின் முன்வலையருகே குனிந்தார்.

ஒரு டிஷ்யூ தாளை எடுத்து முன்வலையில் வைக்கச் சொன்னாள். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பது. காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்க வேண்டும், தாள் வலையில் ஒட்ட வேண்டும். எஞ்சின் சூடாகி விசிறி சுற்றியதும் அவர் வைத்தார். சூடான காற்றோடு அது அவர் முகத்தில் வந்து அடித்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து மோட்டாரின் வயர்களைப் பார்த்தார். இரண்டும் கறுப்பு. ஒன்றில் மட்டும் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு. மாட்டிய நாளின் அவசரத்தில் அது கண்ணில் படவே இல்லை. மூன்று வாரமாக விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான்தான் வயர மாத்திக் குடுத்திருக்கேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "காளிதாசன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்மா."

"நாளைக்கு வருவாருல்ல, அப்ப சொல்லுங்க. இப்ப வயர மாத்துங்க."

மாற்றினார். எஞ்சினை மறுபடி கிளப்பியதும் தாள் வலையில் ஒட்டிக்கொண்டது. உடனே தெருமுனைவரை ஓட்டிப் பார்க்கத் துடித்தார்.

"ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. இருவது நிமிசம் நின்னபடி ஓடட்டும்" என்றாள் சுபாஷினி. அவள் கைகளால் எதையும் தொட முடியாது. அவர்தான் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஏறி, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தார், ஒரு கால் மட்டும் வெளியே தரையில். முள் பாதிவரை ஏறியது. விசிறி முனகி எழுந்தது, முள் இறங்கியது, விசிறி ஓய்ந்தது. மறுபடி ஏறியது. வீட்டுக்குள்ளிருந்து ஷீலா ஏதோ கேட்டாள். அவர் பாதி எழுந்து, மகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியபோது, பரஞ்சோதி வெளியே இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.